அந்திவானமும் அடைத்த கடற்கரையும்

மேற்கிந்தியத் தீவுகளுக்கு விடுமுறை கழிக்கச் செல்வோருக்கென எழுதப்படும் வழிகாட்டி நூல்களில் தவறாது இடம்பெறும் வினா ஒன்றுண்டு. அந்திச் சூரியன் கடலில் மறையும் காட்சியை எவ்விடத்தில் நின்று காண்பது என்பதே அது. ஜமெய்க்காவின் நெக்ரில் பாறைக் கரையிலா, பார்படோசின் மேற்குக் கரையிலா, சென் லூசியாவின் இரட்டை மலைகளின் அடிவாரத்திலா? விடை கூறும் எழுத்தாளர்கள் வானத்தின் நிறத்தையும் மணலின் மென்மையையும் கையிலேந்தும் பானத்தின் சுவையையும் அளவுகோல்களாகக் கொள்கின்றனர். அக்கரையிற் பிறந்து வளர்ந்தோர் அவ்விடத்தில் வந்து நிற்க அனுமதிக்கப்படுகின்றனரா என்பதை மட்டும் அவர்கள் ஒருபோதும் அளவுகோலாகக் கொள்வதில்லை.

இவ்விடுபாடு தற்செயலானதன்று. அஸ்தமனத்தைக் காணத் தகுந்த இடம் எதுவென்ற வினாவை வெறும் இரசனை பற்றிய வினாவாகச் சுருக்கிவிடுவதன் மூலம், அதனுள் மறைந்திருக்கும் நிலவுரிமை பற்றிய வினாவைக் கேளாமல் விட்டுவிட முடிகிறது. இக்கட்டுரை அம்மறைப்பினை எதிர்த்து எழுதப்படுகிறது. தீவின் மக்கள் கட்டணமின்றியும் காவலாளியின் தடையின்றியும் வந்து நிற்கக்கூடிய இடமே அஸ்தமனத்தைக் காணத் தகுந்த இடமாகும். ஏனைய இடங்களில் விற்கப்படுவது வேலியேயன்றிச் சூரியன் அன்று.

முதலில் இவ்விடயத்தின் புவியியல் அடிப்படையை நோக்குதல் வேண்டும். வடகிழக்கிலிருந்து இடையறாது வீசும் வியாபாரக் காற்று இத்தீவுகளின் கிழக்குக் கரைகளை அத்திலாந்திக் அலைகளால் ஓயாது மோதச் செய்கிறது. பார்படோசின் கிழக்கிலுள்ள பத்சீபாக் கரையில் நீந்துவது ஆபத்தானது. ஆனால், முப்பது கிலோமீற்றருக்குச் சற்றே கூடிய நீளமுடைய அதே தீவின் மேற்குக் கரையில் கடல் குளம்போற் கிடக்கும். மேற்குக் கரை காற்றொதுக்குப் பக்கமாதலின் அங்கு நீர் அமைதியானது, நங்கூரமிடுதல் எளிது. ஆதலால் ஐரோப்பியர் தம் துறைமுகங்களைப் பெரும்பாலும் இப்பக்கத்திலேயே அமைத்தனர். பார்படோசின் பிரிட்ஜ்ரவுன், டொமினிக்காவின் ரோசோ, மார்த்தினிக்கின் சென் பியேர் ஆகியன யாவும் இவ்வகையின. ஆபிரிக்க அடிமைகளை இறக்கியதும் சர்க்கரையை ஏற்றியதும் இவ்வமைதியான நீரிலேதான். பின்னாளில் உல்லாச விடுதிகள் எழுந்ததும் இதே பக்கத்திலேதான். சூரியன் மறைவதும் இப்பக்கத்திலேயே. தோட்டச் சொந்தக்காரருக்கு இலாபம் தந்த கரையும், விடுதிச் சொந்தக்காரருக்கு இலாபம் தரும் கரையும், அந்திவானம் தெரியும் கரையும் ஒன்றேயாக அமைந்தமை இத்தீவுகளின் வரலாற்றை விளங்கிக்கொள்வதற்கு இன்றியமையாத ஓர் உண்மையாகும்.

இவ்வுண்மைக்குப் பார்படோசே முதற்சான்று. 1627 இல் ஆங்கிலக் குடியேற்றக்காரர் வந்திறங்கிய இடம் இன்று ஹோல்ரவுன் என வழங்கும் மேற்குக் கரை ஊராகும். ஒரு தலைமுறைக்குள் தீவின் நிலம் கரும்புத் தோட்டங்களாக மாறியது. 1661 இல் அங்கு இயற்றப்பட்ட அடிமைச் சட்டம் மனிதரை அசையும் சொத்தாகக் கருதி ஆள்வதற்கான விதிகளை வகுத்தது; பிற ஆங்கிலக் குடியேற்றங்களுக்கும் அது முன்மாதிரியாயிற்று. 1833 இல் பிரித்தானிய நாடாளுமன்றம் அடிமை ஒழிப்புச் சட்டத்தை நிறைவேற்றியபோது இரண்டு கோடி பவுண் நட்டஈடு வழங்கப்பட்டது. அது அடிமைகளை உடைமையாகக் கொண்டிருந்தோருக்கே வழங்கப்பட்டது. அடிமைகளாயிருந்தோருக்கு ஒரு சதமோ ஒரு சாண் நிலமோ கிடைக்கவில்லை. 1838 இல் முழு விடுதலை வந்தபோதும் நிலம் முன்னைய கைகளிலேயே இருந்தது. அடிமை உழைப்பின் இலாபம் பிரித்தானியக் கைத்தொழில் முதலாளித்துவத்தின் எழுச்சிக்கு எவ்வாறு துணைநின்றது என்பதை, பின்னர் திரினிடாட்டின் முதற் பிரதமரான எரிக் வில்லியம்ஸ் 1944 இல் வெளியிட்ட ஆய்வு நூல் விரித்துரைத்தது. அவ்வரலாறு சர்க்கரையோடு முடிந்துவிடவில்லை என்பதே ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

1961 இல், ஹோல்ரவுனுக்கு அருகே, முன்னர் கரும்புத் தோட்டமாயிருந்த நிலத்தில் சான்டி லேன் என்னும் ஆடம்பர விடுதி திறக்கப்பட்டது. அதனை நிறுவியவர் பிரித்தானிய நாடாளுமன்றத்தின் முன்னாள் உறுப்பினரான ரொனால்ட் ட்ரீ. தோட்டம் விடுதியாயிற்று. அதன் பின்னர் அக்கரை செல்வந்தரின் கரையாகப் பெயர்பெற்றது. பார்படோசின் சட்டப்படி கடற்கரைகள் யாவும் பொதுமக்களுக்கு உரியன என்பதை நாம் மறுக்கவில்லை, அது பாராட்டத்தக்கதே. ஆயின் மணல் பொதுவாயிருந்தும் மணலுக்குச் செல்லும் நிலம் பொதுவாயில்லை. வீதியில் நடந்து செல்லும் ஒருவருக்கு நெடுந்தூரத்துக்கு மதிலும் வாயிற்கதவும் பூஞ்செடி வேலியுமே தென்படுகின்றன. இரு மதில்களுக்கிடையே விடப்பட்ட ஒடுங்கிய ஒழுங்கையொன்றைக் கண்டுபிடித்தால் மட்டுமே கடல் கண்ணிற்படும். கட்டடங்களுக்கிடையே கடல் தெரியும் இத்தகைய இடைவெளிகளை அத்தீவு மக்கள் கடலின் சாளரங்கள் என்று அழைக்கின்றனர். கடலாற் சூழப்பட்ட ஒரு நாட்டில் கடலைக் காண்பதற்குச் சாளரம் வேண்டியிருப்பது எத்துணை முரண்! உரிமை ஏட்டிலிருக்கையில் பாதை மதிலுக்குள் இருக்குமாயின் அவ்வுரிமை சோற்றுக்குதவாத ஏட்டுச் சுரைக்காயேயாகும்.

ஜமெய்க்காவில் ஏட்டிலும் உரிமை இல்லை. 1956 ஆம் ஆண்டின் கடற்கரைக் கட்டுப்பாட்டுச் சட்டம், தீவு பிரித்தானியக் குடியேற்ற நாடாயிருந்த காலத்தில் இயற்றப்பட்டது. அலைவாய்க் கரையையும் கடலடி நிலத்தையும் அது முடிக்குரியனவாக்கியது. கரையோர நிலச் சொந்தக்காரருக்கும் அனுமதிப்பத்திரம் பெற்றோருக்கும் கரையைப் பயன்படுத்த வழிசெய்த அச்சட்டம், கடலிற் குளிக்கவோ கரையில் உலவவோ பொதுமக்களுக்குப் பொதுவானதோர் உரிமையை வழங்கவில்லை. 1962 இல் கொடி மாறியது. கடற்கரைச் சட்டம் மாறவில்லை. சுதந்திரத்தின் பின்னரும் பல பத்தாண்டுகளாக அச்சட்டமே கரையை ஆண்டுவந்தது. இதற்கிடையில், புறப்படுமுன்னரே முழுக் கட்டணத்தையும் பெற்றுக்கொண்டு, உணவு, பானம், கேளிக்கை, கடற்கரை யாவற்றையும் மதிலுக்குள்ளேயே வழங்கும் விடுதி முறை 1980களில் ஜமெய்க்காவில் வேரூன்றிப் பிற தீவுகளுக்கும் பரவியது. விருந்தினரின் மணிக்கட்டிற் கட்டப்படும் பட்டியே அங்கு கடவுச்சீட்டு. பட்டியில்லாதவர் தம் நாட்டிலேயே அந்நியராகிறார்.

நெக்ரிலின் மேற்கு முனையிலுள்ள சுண்ணப் பாறைகளின்மீது 1974 இல் திறக்கப்பட்ட ரிக்ஸ் கஃபே உலகெங்கும் அறியப்பட்ட அஸ்தமன மேடையாகும். அப்பாறைகளிலிருந்து இளைஞர் கடலிற் குதிப்பதையும் அதன் பின்னணியில் சூரியன் இறங்குவதையும் காண்பதற்காகவே பயணிகள் வண்டிகளில் வந்து குவிவர். அக்காட்சியில் அழகில்லை என்று கூறுவது பொய்யாகும். ஆனால், அவ்வழகின் உட்கட்டமைப்பை நோக்குக. ஒரு சாரார் அந்தியை நுகர்வோர். மறு சாரார் அந்தியின் ஓர் உறுப்பாக நின்று நுகரப்படுவோர். குதிக்கும் இளைஞரின் உயிராபத்தும் அஸ்தமனமும் ஒரே காட்சிக்குள் அடங்கிவிடுகின்றன.

இந்நிலைமையை அத்தீவின் மக்கள் வாளாவிருந்து ஏற்றுக்கொண்டனர் எனக் கருதுவது பிழை. 2021 இல் உருவான கடற்கரைப் பிறப்புரிமை இயக்கம், மாமீ பே, புளூ லகூன், பொப் மார்லி கடற்கரை முதலிய இடங்களில் மக்கள் தலைமுறை தலைமுறையாகப் பயன்படுத்திய பாதைகளை மீட்பதற்கு நீதிமன்றங்களை நாடியது. அவ்வியக்கத்தின் பெயரிலே பிறப்புரிமை என்னும் சொல் இடம்பெற்றிருப்பது கவனத்துக்குரியது. அவர்கள் சலுகை கோரவில்லை.

சிந்தனையாளரும் எழுத்தாளரும் இப்போராட்டத்திற்கு முன்னரே குரல் கொடுத்துள்ளனர். சென் லூசியாவின் சூஃப்ரியேர் ஊருக்கருகே கடலிலிருந்து செங்குத்தாய் எழும் பிற்றோன் மலைகள் இரண்டும் 2004 இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றன. ஆயினும் அதற்கு முன்னரே, இரு மலைகளுக்குமிடையேயுள்ள பள்ளத்தாக்கில் உல்லாச விடுதி எழுந்துவிட்டது. அத்தீவின் கவிஞரும் 1992 இல் இலக்கியத்துக்கான நோபெல் பரிசு பெற்றவருமான டெரிக் வோல்கற் அதனைக் கடுமையாக எதிர்த்தார். அன்ரிகுவாவில் பிறந்த ஜமெய்க்கா கின்கெய்ட் 1988 இல் வெளியிட்ட சிறுநூல், உல்லாசப் பயணியின் கண்ணுக்குத் தெரியாத அன்ரிகுவாவை அப்பயணியை நேர் விளித்தே எடுத்துக்காட்டியது. மார்த்தினிக்கிற் பிறந்த ஃபிரான்ஸ் ஃபனோன் 1961 இல் வெளியான தமது இறுதி நூலில், விடுதலை பெற்ற நாடுகளின் தேசிய முதலாளி வர்க்கம் தன் நாட்டை மேற்குலகச் செல்வந்தரின் உல்லாசத் தலமாக்கி, அதற்கு இடைத்தரகராய் அமைந்துவிடும் என எச்சரித்தார். கரிபியன் கடற்கரைகளின் பின்னைய வரலாறு அவ்வெச்சரிக்கைக்கு உரையெழுதியதுபோல் அமைந்துள்ளது.

இனி, எம் கருத்துக்கு எதிராக எழக்கூடிய வாதங்களை ஆராய்வோம்.

முதலாவது வாதம் தூய அழகியல்வாதிகளுடையது. சூரியன் எல்லோருக்கும் பொது. அதன் மறைவைக் கண்டு உள்ளம் நெகிழ்வது மனித இயல்பு. அங்கு சட்டத்தையும் வர்க்கத்தையும் புகுத்துவது இரசனையைக் கொல்வதாகும் என்பர். நாம் அவர்களைக் கேட்பது இதுவே: சூரியன் பொதுவெனின் அதனைக் காணும் மேடைக்கு நுழைவுரிமை எதற்கு? அந்தியை அரசியலாக்கியவர்கள் மதிலை எழுப்பியவர்களேயன்றி மதிலைச் சுட்டிக்காட்டுவோர் அல்லர். மேலும், அழகினை மக்களிலிருந்து பிரித்து நோக்கும் இவ்விரசனை நமது இலக்கிய மரபுக்கும் ஒவ்வாதது. நெய்தற்குக் கடலும் கடல்சார்ந்த இடமும் நிலமென்றும், எற்பாடு பொழுதென்றும் வகுத்த நம் முன்னோர் அவ்வளவில் நின்றுவிடவில்லை. எல் படுகின்ற அப்பொழுதின் பின்னணியிலே பரதவரையும் வலையையும் உப்பையும் மீனையும் கருப்பொருள்களாக வைத்தனர். நிலத்தையும் பொழுதையும் முதற்பொருளாகக் கொண்ட அவர்கள், அவற்றில் வாழும் மக்களையும் தொழிலையும் நீக்கிவிட்டு ஒரு மாலைப்பொழுதைக் கற்பனைசெய்யவில்லை. பரதவரில்லாத எற்பாட்டைக் கண்டது சுவரொட்டி அச்சிடும் விளம்பரக்காரனின் கண்ணேயாகும்.

இரண்டாவது வாதம் பொருளாதாரம் சார்ந்தது. உல்லாசப் பயணத்துறை இல்லையேல் இத்தீவுகளுக்குத் தொழிலில்லை. விடுதிகள் தம் விருந்தினருக்குத் தனிமையை உறுதிசெய்யாவிடின் அவர்கள் வேறிடம் நாடுவர் என்பது அது. இவ்வாதத்தை நாம் இலேசாகத் தள்ளிவிடவில்லை. சர்க்கரையின் விலை வீழ்ந்த நாடுகளில், விடுதியில் அறை துப்புரவுசெய்யும் பெண்ணின் சம்பளத்திலே ஒரு குடும்பம் உண்கிறது. எனினும் இவ்வாதம் இரு இடங்களில் இடறுகிறது. ஒன்று, விமான நிறுவனமும் விடுதித் தொடரும் அந்நியருடையனவாகவும் உணவின் பெரும்பகுதி இறக்குமதியாகவும் இருக்கும்போது, பயணி செலுத்தும் பணத்திற் பெரும்பங்கு தீவினைத் தொடாமலே திரும்பிச் செல்கிறது. மதிலுக்குள் யாவும் கிடைப்பதால் விருந்தினர் வெளியே வந்து மீன் பொரிப்பவளிடமோ பழம் விற்பவனிடமோ ஒன்றும் வாங்குவதில்லை. ஆகவே மதில் உள்ளூரவரின் கண்ணை மட்டுமன்றி அவர்தம் வயிற்றையும் அடைக்கிறது. மற்றையது, கடற்கரை பொதுவென்று சட்டத்தில் ஏற்றுக்கொண்ட பார்படோசில் உல்லாசப் பயணத்துறை அழிந்துவிடவில்லை. அது செழிப்பாகவே நடைபெறுகிறது. பொதுவுரிமை வருமானத்தைக் கொல்லும் என்ற அச்சத்தை இவ்வொரு சான்றே தகர்க்கப் போதுமானது.

மூன்றாவது வாதம் நம் நண்பர்கள் சிலரிடமிருந்தே வருகிறது. உல்லாசப் பயணம் முழுவதும் ஏகாதிபத்தியத்தின் கழிவு. ஆதலால் அஸ்தமனம் காணச் செல்லும் எண்ணமே பிற்போக்கானது என்பர். இது புரட்சிகரமானதாய்த் தோன்றினும் உண்மையில் எதிரிக்கு உதவுவதாகும். அழகைக் காணும் ஆவலைப் பூர்ஷ்வாப் பழக்கமென்று ஒதுக்கிவிட்டால், அவ்வழகைச் செல்வந்தருக்கே தாரைவார்த்துக் கொடுத்தவர்களாவோம். நாள் முழுதும் உழைத்த மீனவரும் அறை துடைத்த பெண்ணும் அந்திவேளையில் சற்றுநேரம் கடலை நோக்கி நிற்பதற்கு உரிமையற்றவர்களா? ரொட்டியைப் போன்றே அந்தியும் மக்களின் உடைமையென்று கோருவதே முற்போக்கான நிலைப்பாடாகும்.

அவ்வாறாயின் தெரிவு எவ்வாறு அமையவேண்டும்? இயற்கையே இதற்கு ஒரு குறிப்புத் தருகிறது. அயன மண்டலத்தில் சூரியன் ஏறக்குறையச் செங்குத்தாகக் கடலுள் இறங்குவதால் அந்தியொளி விரைவில் மறைகிறது. மறையும் இடமும் ஓரிடத்தில் நிலைத்திருப்பதில்லை; நேர் மேற்கிலிருந்து யூன் மாதத்தில் வடக்கே ஏறக்குறைய 24 பாகையும், டிசெம்பரில் தெற்கே அதே அளவும் விலகிச் செல்கிறது. ஆண்டின் நடுமாதங்களிலே சகாராப் பாலைவனத்தின் தூசி அத்திலாந்திக்கைக் கடந்து வந்து அடிவானத்தை மங்கச் செய்வதுண்டு. சூரியனின் மேல்விளிம்பு மறையும் கணத்தில் அரிதாகத் தோன்றும் பச்சை ஒளிக்கீற்றைக் காண்பதற்குத் தேவையானவை மாசற்ற அடிவானமும் பொறுமையுமே, விலையுயர்ந்த இருக்கையன்று. ஆண்டு முழுவதும் அஸ்தமனத்தைத் தன் முற்றத்திலேயே கட்டிவைத்திருப்பதாக எந்த விடுதியும் உரிமை கொண்டாட முடியாது.

ஆதலால் செல்பவர் பார்படோசின் வடமேற்கிலுள்ள ஸ்பைற்ஸ்ரவுனின் மீன்சந்தைக்கருகிலே நிற்கலாம். சென் லூசியாவின் ஆன்ஸ் லா றே என்னும் மீனவர் ஊரில், வெள்ளிக்கிழமை மாலைகளில் வீதியோரத்தில் மீன் சுடும் அடுப்புகளுக்கிடையே நிற்கலாம். அங்கும் அதே சூரியன்தான் அதே கடலில் மறைகிறது. ஆயின் அருகில் நிற்பவர் தட்டேந்தியவராயன்றித் தம் பிள்ளையைத் தோளில் ஏற்றி நிற்பவராயிருப்பார். இடம் தேடுவோர் விடுதியின் விளம்பரத்தைப் பாராது ஒரு வினாவைக் கேட்டாற் போதும்: இவ்வூரார் இங்கு மாலையில் வருவார்களா? ஆமெனில் அதுவே தகுந்த இடம். இல்லையெனில், ஏன் வருவதில்லை என்பதே அடுத்த வினாவாதல் வேண்டும்.

கடல்கள் பல கடந்த தீவுகளின் கரைகளைப் பற்றி இந்நாட்டுப் பல்கலைக்கழக மாணவர் எழுதவேண்டிய தேவையென்ன எனச் சிலர் வினவக்கூடும். இத்தீவுகளை நம்மிற் பலர் கிரிக்கெட் ஆட்டத்தின் வாயிலாகவே அறிவர். ஆனால் நமக்கும் அவற்றுக்குமிடையேயுள்ள தொடர்பு அதனினும் பழையது, கசப்பானது. மேற்கிந்தியத் தீவுகளில் அடிமைமுறை ஒழிந்து கோப்பி உற்பத்தி சரிந்த வேளையிலேதான் இலங்கையின் கோப்பித் தோட்டங்கள் பெருகின. ஜமெய்க்காவிற் பயின்ற பயிர்ச்செய்கை முறையை றொபேட் போய்ட் டைட்லர் என்னும் தோட்டத்துரை 1837 இல் இந்நாட்டின் மலைச்சரிவுகளுக்குக் கொண்டுவந்தார். அம்மலைகளில் உழைக்கத் தென்னிந்தியத் தமிழர் அழைத்துவரப்பட்டனர். அதே நூற்றாண்டில் சென்னை, பாண்டிச்சேரி, காரைக்கால் துறைகளிலிருந்து தமிழர் பலர் ஒப்பந்தக் கூலிகளாக மார்த்தினிக், குவாதலூப், கயானா ஆகிய நாடுகளுக்குக் கப்பலேற்றப்பட்டனர். மாரியம்மன் வழிபாடு அங்கு இன்றும் நிலைத்திருக்கிறது. மலையகத்து லயத்தையும் மேற்கிந்தியத் தோட்டத்துக் குடிசையையும் ஒரே முதலாளித்துவ வரலாறே கட்டியது. ஆகவே அக்கரையின் மதிலைப் பற்றிப் பேசுவது அந்நியர் விடயத்தில் தலையிடுவதாகாது.

விடுமுறைக்குச் செல்லும் வசதி நம்மிற் பெரும்பாலோருக்கு இல்லை. ஆனால் நாளை கல்வி அதிகாரிகளாகவும் திட்டமிடுவோராகவும் பத்திரிகையாளராகவும் சட்டமியற்றுவோராகவும் அமரப்போவோர் நம்மிடையே உள்ளனர். கடற்கரையொன்றை விடுதிக்குக் குத்தகைக்கு வழங்கும் பத்திரம் அவர்களின் மேசைக்கு வரும் நாள் வரும். விளம்பரத்தின் வண்ணப் படம் அப்பத்திரத்தோடு இணைக்கப்பட்டிருக்கும். அதில் செவ்வானமும் வெறும் மணலும் மட்டுமே இருக்கும். அம்மணலில் இருக்கவேண்டிய வலை எங்கே, தோணி எங்கே, மக்கள் எங்கே எனக் கேட்கும் பயிற்சியைப் பல்கலைக்கழகம் தராவிடின், நாம் இங்கு கற்ற இலக்கியமும் வரலாறும் யாருக்காக?